ரைஃபிளின் உதைக்கு (சுடும்போது தோளில் விழும் தள்ளல்) பயப்படும் பிள்ளைக்கு 7மிமீ-08 தோட்டாவை வெடிமருந்து குறைத்துச் செய்யலாமா?

மலைப்பாதை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 12 வயது, ஒல்லியான உடம்பு. .22 சிறு ரைஃபிளில் மிக நன்றாகச் சுடுகிறாள், விசையை அவசரப்படாமல் இழுக்கிறாள், மூச்சை அடக்கத் தெரிகிறது, ஒழுங்கும் இருக்கிறது. இந்தப் பருவத்தில் என்னோடு மான் வேட்டைக்கு வர வேண்டும் என்று அவளே கேட்டாள். எங்கள் இடத்துச் சட்டப்படி பெரியவர் கூட இருந்தால் அவள் வயதில் அனுமதி உண்டு, பயிற்சி வகுப்பும் முடித்துவிட்டாள்.

சிக்கல் என்னவென்றால், உறவினர் ஒருவர் தன்னுடைய .30-06 பெரிய ரைஃபிளை முழு வேகத் தோட்டாவோடு அவள் கையில் கொடுத்து சுட்டுப் பார் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெரிய ரைஃபிளை எடுத்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள், விசை விழும் முன்பே தோளை முன்னால் தள்ளுகிறாள். .22-ஐ எடுத்தால் பழையபடி அழகாகச் சுடுகிறாள்.

வீட்டில் இருப்பது 7மிமீ-08, போல்ட் ஆக்‌ஷன், ஸ்கோப்போடு சேர்த்து 7 பவுண்டு. தோட்டாக்களை நானேதான் செய்கிறேன். ஆனால் எப்போதும் மேனுவலில் (தோட்டா செய்யும் கையேட்டில்) உள்ள நடுத்தர லோடுதான் (மருந்து, குண்டு அளவு), குறைத்துச் செய்து பழக்கமில்லை. இந்த ரைஃபிளிலேயே உதையைக் குறைத்து அவளுக்கு ஏற்றபடி செய்ய முடியுமா, இல்லை உதை குறைந்த .243 ரைஃபிள் ஒன்று வாங்குவதுதான் சரியா? குறைத்தால் மானுக்குப் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரும்புத்தராசு

தாராளமாக முடியும், 7மிமீ-08 அதற்கு நல்ல தேர்வும்கூட. புதிய ரைஃபிள் வாங்கும் முன் கணக்கைப் பாருங்கள்.

உதை எங்கிருந்து வருகிறது? குண்டு முன்னால் போகும் உந்தமும், அதன் பின்னால் பீறிட்டு வெளியேறும் வெடிமருந்து வாயுவின் உந்தமும் சேர்ந்து ரைஃபிளைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. வாயு குழல்முனையை விட்டு குண்டைவிட வேகமாக வெளியேறுகிறது, நொடிக்கு 4700 அடி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இப்போது உங்கள் 7 பவுண்டு ரைஃபிளில் 140 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் அளக்கும் சிறு எடை அலகு) குண்டு நொடிக்கு 2800 அடி வேகத்தில், மருந்து 44 கிரெய்ன் என்று வையுங்கள். உதையின் ஆற்றல் ஏறக்குறைய 16 அடி-பவுண்டு வரும். அதே ரைஃபிளில் 120 கிரெய்ன் குண்டு 2400 அடி வேகத்தில், மருந்து 33 கிரெய்ன் என்றால் சுமார் 9. ஒப்பிட்டுப் பார்க்க, அதே 7 பவுண்டு எடையுள்ள ஒரு .243-இல் 100 கிரெய்ன் குண்டு முழு வேகத்தில் போனால் 11 பக்கம் வரும். அதாவது குறைத்துச் செய்த 7மிமீ-08, முழு லோடு .243-ஐ விட மென்மையானது. (இந்த மருந்து எடைகள் உதைக் கணக்குக்காக நான் எடுத்த உத்தேச எண்கள் மட்டுமே, யாரும் இதை லோடு என்று எடுத்துத் தோட்டா செய்யாதீர்கள்.)

இதில் பலர் கவனிக்காத ஒன்று, முழு லோடில் உதையின் மூன்றில் ஒரு பங்கு மருந்து வாயுவினுடையது. அதனால் மருந்தைக் குறைத்தால் இரண்டு வழியில் பலன்: குண்டின் வேகமும் குறைகிறது, வாயுவின் பங்கும் குறைகிறது. வெறுமனே குண்டின் எடையை மட்டும் குறைத்து அதை முழு வேகத்தில் ஓட்டினால் இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது.

எந்த மருந்து என்பதுதான் முக்கியம். எல்லா மருந்தையும் குறைக்க முடியாது. ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் எச்4895 மருந்துக்கு ஒரு வழிமுறையை வெளிப்படையாகவே கொடுத்திருக்கிறது: உங்கள் தோட்டாவுக்கும் உங்கள் குண்டு எடைக்கும் அவர்களுடைய மேனுவலில் எச்4895-க்கு என்ன உச்ச அளவு இருக்கிறதோ, அதில் 60 சதவீதத்திலிருந்து தொடங்கலாம். உச்சம் 40 என்று இருந்தால் தொடக்கம் 24. மேனுவலில் அந்தத் தோட்டாவுக்கு எச்4895 பட்டியலிடப்படவில்லை என்றால் இந்த விதியும் பொருந்தாது. ஐஎம்ஆர் 4895 என்று பெயரில் ஒத்த இன்னொரு மருந்து உண்டு, அது வேறு, அதற்கு இந்த விதியை எடுத்துப் போடாதீர்கள். டப்பாவை எடுக்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள்.

நான் இரண்டு லோடாகப் பிரித்துச் செய்வேன். 60 சதவீதத்தை ஒட்டிய அடி லோடு (மிகக் குறைந்த லோடு) பயிற்சிக்கு. அது காகிதத்தில் ஓட்டை போட, பிள்ளைக்கு நம்பிக்கை வர. அதை மானுக்குக் கொண்டு போகக் கூடாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) 2400 பக்கம் வரும் இடத்தில் நிறுத்தி, அதை வேட்டைக்கு வைத்துக்கொள்வேன். குரோனோகிராஃப் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், ஏனென்றால் வேகம் தெரியாமல் குண்டு மானின் உடலில் பட்டதும் அகன்று விரியுமா என்பதைச் சொல்ல வழியே இல்லை.

சுடர்விழி

மேலே சொன்ன கணக்கு சரி, ஆனால் மருந்தில் கை வைப்பதற்கு முன் வேறு இரண்டு இருக்கின்றன என்று நினைக்கிறேன். நான் பல பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். தோளில் விழும் தள்ளலைவிட சத்தத்துக்கும் முகத்தில் அடிக்கும் காற்றுக்கும்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். பெரிய ரைஃபிளின் சத்தம் சுடுபவரின் காதருகே 160 டெசிபலைத் தொடும். திடீர் சத்தத்துக்கு பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. எனவே காதுக்குள் நுரைப் பஞ்சு, அதற்கு மேல் காது மூடி, இரண்டும் சேர்த்து. பஞ்சைச் சும்மா காதில் செருகினால் போதாது, விரல்களால் உருட்டி மெலிதாக்கி, இன்னொரு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். குழந்தைக் காதுக்குச் சின்ன அளவுப் பஞ்சு தனியாக உண்டு. மேலே கூரை உள்ள சுடுமிடத்தில் சத்தம் திரும்பி அடிக்கும், முடிந்தால் திறந்த வெளிக்குக் கூட்டிப் போங்கள். பக்கத்தில் வேறு யாரும் பெரிய ரைஃபிள் சுடாத நேரமாகப் பார்த்துப் போவதும் நல்லது.

இதே காரணத்துக்காக மசில் பிரேக் (உதையைக் குறைக்கக் குழல்முனையில் மாட்டும் துளையுள்ள துண்டு) போடாதீர்கள். உதை குறையும், உண்மைதான், ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பி அவள் காதுக்கும் உங்கள் காதுக்கும் அனுப்பும். ஒன்றுக்குப் பயப்படுவதை விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் பயப்படுவாள். சப்ரஸர் (சத்தம் குறைக்கும் குழாய்) சட்டப்படி அனுமதி உள்ள இடத்தில் இருந்தால் அது வேறு, சத்தமும் உதையும் இரண்டும் குறையும்.

இரண்டாவது, தோள்கட்டையின் நீளம். பெரியவர்களுக்கான கட்டை விசையிலிருந்து பின்முனை வரை 13.5 அங்குலம் பக்கம் இருக்கும். 12 வயது ஒல்லிப் பிள்ளைக்கு 12 அல்லது 12.5தான் பொருந்தும். கட்டை நீளமாக இருந்தால் பிள்ளை உடம்பைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி, கட்டையின் முனையைத் தோளின் எலும்பு மூட்டில் வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் 9 அடி-பவுண்டுகூட வலிக்கும். இளையோருக்கான கட்டை தனியாகக் கிடைத்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய கட்டையை வெட்டி நல்ல மென்மையான ரப்பர் பட்டை ஒட்டுங்கள். வெட்டிய துண்டைப் பத்திரமாக வைத்தால் பிள்ளை வளரும்போது திரும்பச் சேர்க்கலாம். கட்டையைக் குறுக்கினால் ஸ்கோப்பை முன்னால் நகர்த்த வேண்டியிருக்கும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் 3.5 அங்குலமாவது இல்லையென்றால் ஒரே சூட்டில் புருவத்தில் வெட்டு விழும், அதற்குப் பிறகு எந்த லோடு கொடுத்தாலும் பயம் போகாது.

எடையும் உதவும். 7 பவுண்டு ரைஃபிளை 8.5 ஆக்கினால், மேலே இரும்புத்தராசு சொன்ன 16 அடி-பவுண்டு 13 சொச்சத்துக்கு இறங்கும். ஆனால் ஒல்லிப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், நின்று தாங்கிப் பிடிக்க வேண்டும். அதனால் சுடுமிடத்தில் மட்டும் கட்டைக்குள் எடை வைத்து, காட்டுக்குப் போகும்போது எடுத்துவிடலாம். மான் எதிரில் நிற்கும்போது யாருக்கும் உதை தெரிவதில்லை.

கானல்

மூன்றாவது கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, குறைத்தால் மானுக்குப் போதுமா என்பது. எனக்கு இதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் பிள்ளையின் தோளைக் காப்பாற்றப் போய் விலங்கைக் காயப்படுத்தி ஓடவிட்டால் அது பெரும் பாவம். அந்தப் பிள்ளைக்கும் அது மனதில் தங்கிவிடும்.

வேட்டைக் குண்டு ஒவ்வொன்றுக்கும் விரிய ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. நோஸ்லர் பாலிஸ்டிக் டிப், அக்யூபாண்ட் மாதிரிக் குண்டுகளுக்கு நொடிக்கு 1800 அடி என்று அந்த நிறுவனமே சொல்கிறது. பொதுவாக ஈயக் கருவும் மெல்லிய செம்பு உறையும் கொண்ட சாதாரணக் குண்டுகள் இந்த வேகத்தில் விரிந்துவிடும். முழுக்க முழுக்கச் செம்பில் செய்த குண்டுகள் பலவற்றுக்கு இன்னும் வேகம் வேண்டும், குறைத்த லோடில் அவை விரியாமல் ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போய்விட வாய்ப்பு உண்டு. ஈயம் தடை செய்யப்பட்ட இடம் என்றால் குறைந்த வேகத்துக்கு என்றே செய்த செம்புக் குண்டு தேட வேண்டும், அதன் குறைந்தபட்ச வேகத்தை நிறுவனத்தின் தாளில் பார்த்த பிறகே வாங்குங்கள். ரைஃபிளுக்குப் 'பலமான' குண்டு நல்லது என்று நினைத்துப் பெரிய விலங்குக்கான தடித்த உறைக் குண்டை இங்கே போடுவதும் தவறு.

இப்போது கணக்கு. 120 கிரெய்ன் 7மிமீ குண்டு, குழல்முனையில் 2400. 100 கெஜத்தில் தோராயமாக 2200, 200 கெஜத்தில் 2000-ஐ ஒட்டி, ஆற்றல் 1000 அடி-பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். மானுக்கு 1000 போதும் என்பது பழைய நடைமுறைக் கணக்கு. எனவே எண்களின்படி 200 கெஜம் வரை சரி. ஆனால் 12 வயதுப் பிள்ளை, முதல் மான், கை நடுங்கும். நான் 100 கெஜத்தைத் தாண்ட விடமாட்டேன். பக்கவாட்டில் நிற்கும் மான், முன்காலுக்குப் பின்னால் நுரையீரல், ரைஃபிள் எதிலாவது சாய்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் சுட வேண்டாம் என்று முன்கூட்டியே அவளிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பேச நேரம் இருக்காது.

இன்னொன்று, சில இடங்களில் மான் வேட்டைக்குக் குறைந்தபட்ச ஆற்றலோ குண்டின் விட்டமோ சட்டத்திலேயே எழுதியிருக்கும். குறைத்துச் செய்த லோடு அந்தக் கோட்டுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை

எல்லோருக்கும் நன்றி. கட்டையின் நீளத்தை அளந்தேன், 13.5தான். அதை முதலில் சரி செய்கிறேன்.

இன்னொரு சந்தேகம். எச்4895 இப்போது கையில் இல்லை. மெதுவாக எரியும் மருந்து ஒரு டப்பா நிறைய இருக்கிறது, பெரிய மேக்னம் தோட்டாவுக்காக வாங்கியது. மெதுவாக எரிவதுதானே மென்மையாகத் தள்ளும், அதையே பாதியாகக் குறைத்து 7மிமீ-08-இல் போட்டால் என்ன?

இரும்புத்தராசு

வேண்டாம், அண்ணே. தயவு செய்து செய்யாதீர்கள். இந்த ஒரு எண்ணம்தான் நல்ல ரைஃபிள்களை உடைத்திருக்கிறது.

மெதுவாக எரியும் மருந்து ஒழுங்காக எரிய, தோட்டாவின் கூடு ஏறக்குறைய நிறைந்திருக்க வேண்டும், அழுத்தம் சீராக ஏற வேண்டும். பாதிக் கூட்டில் அது படுத்துக் கிடக்கும்போது பிரைமரின் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தீ மருந்தின் மேல்பரப்பை உரசிக்கொண்டு போகும். சில நேரம் சரியாகப் பற்றாது, சில நேரம் தாமதமாகப் பற்றும். குண்டு கொஞ்சம் நகர்ந்து குழலின் உள்வரியில் (குண்டைச் சுழற்றும் பள்ளங்கள்) போய்ச் சிக்கி நிற்க, பின்னால் மருந்து முழுதாகப் பற்றிக்கொண்டால், அடைபட்ட குழலில் சுட்டது போலாகிவிடும் என்பது ஒரு விளக்கம். விளக்கம் எதுவானாலும், குறைந்த அளவு மெதுவான மருந்தால் அழுத்தம் திடீரென எகிறி ரைஃபிள் சிதறிய நிகழ்வுகள் உண்மை. பத்து முறை ஒன்றும் ஆகாது, அதனால் பாதுகாப்பு என்று தோன்றும், அதுதான் இதில் ஆபத்து.

எச்110 மாதிரி மருந்துகளுக்கு வெளியிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். ஒரு மருந்தில் 40 சதவீதம் குறைக்கலாம், இன்னொன்றில் 3 சதவீதம்தான். ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும். மேனுவலில் குறைந்த லோடு என்று அச்சிட்டிருக்கும் மருந்தைத் தவிர வேறு எதையும் குறைக்காதீர்கள். எச்4895 கிடைக்கும்வரை .22-இல் சுடட்டும். கடைத் தோட்டாவிலும் குறைந்த உதை வகை உண்டு. ஹார்னடியின் கஸ்டம் லைட் வரிசையில் 7மிமீ-08 இருந்தது, கிடைத்தால் ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள், கூடும் மிச்சமாகும்.

கைத்துப்பாக்கி மருந்தைக் கொஞ்சமாகப் போடும் முறையையும் சிலர் சொல்வார்கள். மேனுவலில் அதற்கு லோடு இருக்கலாம், ஆனாலும் பிள்ளைக்கான தோட்டாவில் எனக்கு அது பிடிக்கவில்லை. அளவு மிகச் சிறியது, கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை ஊற்றிவிட்டால் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே அடங்கிவிடும். எச்4895 60 சதவீதத்தில் கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும், இரண்டு முறை ஊற்றினால் வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியிருந்தும் குண்டு பொருத்தும் முன் விளக்கை எடுத்து எல்லாக் கூட்டுக்குள்ளும் ஒரு முறை பாருங்கள். காலி இடத்தை நிரப்புகிறேன் என்று பஞ்சு, ரவை எதையும் உள்ளே திணிக்காதீர்கள்.

அடி லோடுகளில் சில அறிகுறிகள் தெரியும், பார்த்துப் பதறவும் வேண்டாம், அலட்சியப்படுத்தவும் வேண்டாம். கூட்டின் கழுத்தில் கரி படிந்திருந்தால் அழுத்தம் குறைவால் கூடு சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) அடைக்கவில்லை என்று பொருள். பிரைமர் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்பதும் குறைந்த அழுத்தத்தால் வரும். கொஞ்சம் ஏற்றினால் இரண்டும் போய்விடும். ஆனால் சத்தம் விசித்திரமாக, 'புஸ்' என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த தோட்டாவை ஏற்றாமல், போல்ட்டைக் கழற்றி, குழலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் பார்த்துவிட்டுத்தான் மறுபடி.

மருந்து கூட்டின் முன்பக்கம் கிடக்கிறதா, பின்பக்கம் கிடக்கிறதா என்பதைப் பொறுத்தும் வேகம் மாறும். குழலை ஒரு முறை கீழே சாய்த்து மெல்ல நிமிர்த்திச் சுடுங்கள், ஒரு முறை மேலே தூக்கித் தாழ்த்திச் சுடுங்கள். இரண்டுக்கும் வேக வித்தியாசம் பெரிதாக இருந்தால் அந்த லோடை வேட்டைக்கு எடுக்காமல் இன்னும் ஏற்றுங்கள். மரத்தின் மேல் மேடையிலிருந்து கீழ்நோக்கிச் சுடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

சுடர்விழி

பயம் ஏற்கெனவே புகுந்துவிட்ட பிள்ளை என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். லோடு தயாரானதும் நேராக அதைக் கையில் கொடுக்காதீர்கள். முதலில் 7மிமீ-08-ஐ வெறும் ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு வீட்டில் பழகட்டும், அந்த ரைஃபிளின் விசை அவளுக்குப் பழக வேண்டும். சுடுமிடத்தில் முதலில் .22, பிறகு அடி லோடில் மூன்று நான்கு, பிறகு மறுபடி .22-இல் முடிக்கட்டும். நன்றாகப் போகிறதே என்று இன்னும் பத்து சுடு என்று சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். அவள் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்துவது நல்லது.

இமைக்கிறாளா என்று கண்டுபிடிக்க, நீங்களே தோட்டாவை ஏற்றிக்கொடுங்கள், சில நேரம் உண்மையானது, சில நேரம் ஸ்னாப் கேப். எது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. வெறும் தோட்டாவில் விசை விழும்போது குழல்முனை குதித்தால் அவளுக்கே தெரியும், நாம் சொல்ல வேண்டியதில்லை. திட்டாமல், சிரிக்காமல், அடுத்ததை ஏற்றுங்கள். மேசையில் உட்கார வைத்து அதிகம் சுட வைக்காதீர்கள். மேசையில் உடம்பு முன்னால் சாய்ந்து பூட்டிக்கொள்வதால் அதே உதை அதிகமாகத் தெரியும். நின்றோ மண்டியிட்டோ, குச்சியில் ரைஃபிளைத் தாங்கிச் சுட்டால் உடம்பு உதையோடு சேர்ந்து அசையும். குறி சரிபார்க்கும் வேலையை நீங்களே மேசையில் செய்து முடித்துவிட்டு ரைஃபிளை அவளிடம் கொடுங்கள்.

உதைக்கும், கவனம், இறுக்கிப் பிடி என்று ஒவ்வொரு முறையும் சொல்லும் பழக்கம் அப்பாக்களுக்கு உண்டு. அதைக் கேட்டே பிள்ளை இறுகிப்போகிறது.

மலைப்பாதை

புரிந்தது. அந்த மேக்னம் மருந்தை மேக்னத்துக்கே வைத்துக்கொள்கிறேன். .243 யோசனையையும் விட்டுவிடுகிறேன். கட்டை, காது மூடி, பிறகு எச்4895, 120 கிரெய்ன் பாலிஸ்டிக் டிப். பழைய 140 கிரெய்ன் தோட்டாவுக்கு வைத்த குறியே இதற்கும் ஓரளவு ஒத்து வருமா?

கானல்

வராது. வேகம் மாறினால் குண்டு விழும் இடம் மாறும், மேலே கீழே மட்டுமில்லை, பக்கவாட்டிலும் தள்ளிப் போகலாம். வேட்டை லோடுக்குப் புதிதாகக் குறி வையுங்கள், 100 கெஜத்தில் ஓர் அங்குலம் மேலே வைத்தால் நீங்கள் அனுமதிக்கும் தூரம் முழுக்க அவள் நேராக நெஞ்சைப் பார்த்துச் சுடலாம், கணக்குப் போட வேண்டியதில்லை. பயிற்சி லோடு வேறு இடத்தில் விழும், அது எங்கே விழுகிறது என்று அவளிடமும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தன் மேல் சந்தேகப்படுவாள்.

மூன்று லோடும் ஒரே மாதிரித் தோற்றத்தில் இருப்பதால் பெட்டிகளைத் தனித்தனி நிறத்தில் வைத்து, மருந்து, அளவு, குண்டு, செய்த தேதி எல்லாம் மேலே எழுதுங்கள். பயிற்சித் தோட்டாவின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் சட்டைப் பையில் கலந்தாலும் தெரியும். வேட்டைக்குக் கிளம்பும்போது முழு வேக 140 கிரெய்ன் பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மலைப்பாதை

செய்கிறேன். குரோனோகிராஃப் எண்களோடு வந்து எழுதுகிறேன்.